வறட்டிக்குள் ஒளித்த மாத்திரை

யுத்த காலத்தில் திருப்பதியில் குடியிருந்தோம். என் அகத்துக்காரருக்கு மலைமேல் மடைப்பள்ளியில் கைங்கரியம். பதினைந்து நாள் மேலே, பதினைந்து நாள் கீழே. அவர் மலையேறிய மறுகணமே எனக்குக் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். திரும்பி வரமாட்டார் என்றே தோன்றும். திருஷ்டி கழித்தார்கள், கயிறு கட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அண்ணா அழைத்துப் போனான். அங்கிருந்த டாக்டரம்மா அந்த ஊர்க் கிறிஸ்தவப் பெண்.

"மில்லு அரிசியே துன்னுக்கினு இருந்தா சத்து எங்கேர்ந்து வரும்? இது வைட்டமின் மாத்திரை. படபடப்பு அடங்கினாலும் அடங்கும்மா. நிச்சயமா சொல்லமாட்டேன்."

எதில் செய்தது என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.

"ஈஸ்டு. கள்ளு பொங்குதே, அதாலதான்."

பெருமாளுக்குக் காட்டாத எதையும் வாயில் போடாத வீடு எங்களுடையது. கள் சம்பந்தத்தைப் பெருமாள் முன்னால் எப்படி வைப்பது? குப்பியை வறட்டி அடுக்குக்குள் ஒளித்து, தினம் ஒன்று திருட்டுத்தனமாக விழுங்கினேன். விழுங்கும்போதெல்லாம் பாவம் செய்கிற பயம் வேறு சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் பிள்ளையார் கிடையாது. ஆனாலும் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

முறை முடிந்து இறங்கியவர் வெந்நீர் போட வறட்டி எடுக்கப் போனார். குப்பியோடு வந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் நீராடிவிட்டு வந்து, குப்பியின் மேல் துளசி வைத்து, சாளக்கிராமத்துக்கு முன்னால் வைத்துச் சேவித்தார்.

"பெருமாள் கண்டருளியாச்சு. கையை நீட்டு."

எனக்கு ஒன்று கொடுத்தார். இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்கு?"

"படி ஏறறச்சே எனக்கும் நெஞ்சு அடிச்சுக்கறது. உன்னை நெனச்சுண்டே ஏறறேன். சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லலை."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் நான் ஒருத்திதான் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேனே! அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மாத்திரை கேட்டதா என்றால், தெரியாது. அடுத்த முறைக்கு அவர் கிளம்பியபோதும் கை நடுங்கத்தான் செய்தது. நடுங்குகிற கையாலேயே குப்பியை அவர் மூட்டைக்குள் வைத்தேன்.

"உனக்கு?" என்றார்.

"இறங்கி வந்து நீங்களே கொடுங்கோ."