நீலச் சுடிதாரின் பின்னால்

எனக்குக் கிள்ளானில் வீடு, பங்சாரில் வேலை. மாலையில் பிரிக்பீல்ட்ஸ் நர்சரியிலிருந்து ஐந்து வயது மகளை அழைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடப்பேன். அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்த நேரத்தில் எனக்குத் தெம்பிருக்காது. அதனால் வெளியே வந்ததுமே என் பழைய கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் நடைபாதையில் நின்று, மேலாளர் அனுப்பிய செய்திக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். என்னைப் போலவே நீலச் சுடிதார் அணிந்த ஓர் இளம்பெண். அவளருகில் என் மகள்.

"அக்கா, உங்க பிள்ளையா? பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பின்னாலயே வந்துட்டா. நான் பஸ் ஏறப் போனா, அவளும் ஏற வரா லா."

மகளைப் பிடித்து உலுக்கினேன். "எங்கடி போன?"

"அம்மான்னு நெனச்சேன்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அதைப் பிடுங்கக் கை நீட்டினேன். நீட்டிய கையில் என் கைப்பேசி இருந்தது. அவள் போனதே எனக்குத் தெரியாது. நான் அவளைத் தேடக்கூட இல்லை.

அந்தப் பெண் என்னைக் குறை சொல்லவில்லை. "பரவால்லக்கா, அடுத்த பஸ் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அலுத்துப்போன நாட்களில் வீட்டில் இன்னமும் மகளுக்குக் கைப்பேசி கொடுக்கத்தான் செய்கிறேன். தெருவில் மட்டும் இரண்டு கைப்பேசிகளும் பைக்குள் இருக்கும். அவள் வழியெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டே வருகிறாள். பாதிக்குத்தான் பதில் சொல்கிறேன். இடையிடையே நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள், நான்தானா என்று உறுதி செய்துகொள்வதுபோல.