என்னைத் தூக்கி வந்தவர்

எனக்கு ஐந்து வயதில் எங்கள் ஊர் நெரவியில் வெள்ளம் புகுந்தது. இடுப்பளவு தண்ணீரில் அப்பா என்னைத் தோளில் தூக்கிவந்தார். அவர் சட்டையில் பீடி வாசனை அடித்தது. அடுத்த வருடமே இறந்துபோன அப்பாவைப் பற்றி எனக்கிருந்த நினைவு அது ஒன்றுதான்.

கல்லூரியில் படிக்கும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா திகைத்துப்போனாள்.

“அப்பா அன்னிக்கு ஊர்லயே இல்லடி. அவரு பீடியத் தொட்டதும் இல்ல. ஒன்னத் தூக்கிட்டு வந்தது நம்ம ஊரு பஸ் கண்டக்டரு.”

வாசனையைச் சரியாக வைத்திருந்த மனம், ஆளை மாற்றிவிட்டிருந்தது. அன்று அழுதேன். மறுநாள், ஓய்வு பெற்றுக் கோட்டுச்சேரியில் இருந்த அந்தக் கண்டக்டரைத் தேடிப்போய் நன்றி சொன்னேன்.

“அன்னிக்கு எத்தனையோ புள்ளைங்களத் தூக்குனேம்மா. ஒன்னய ஞாபகம் இல்லியே,” என்று கூச்சத்தோடு சிரித்தார்.

அவர் கொடுத்த டீயைக் குடித்தபடி அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.