அத்தான் திருப்பி வைத்த கல்

மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்த காலத்தில், அத்தான் எங்களுக்கு ஒரு மலையைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார். மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பின்கட்டு அறையில் அவித்த கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அக்காவின் கணவரான அந்த மனிதர் கெடாவில் உள்ள ஜெராய் மலையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். ஜப்பான் சண்டைக்கு முன்பு, மலாக்காவுக்கு மாற்றலாகி வருமுன், அவர் அந்த மலைப்பக்கத்துப் பீடோங் ரயிலடியில் வேலை பார்த்தவர். மலைச்சரிவில், ஓடைக்கு மேலே, காட்டுக்குள் ஒரு பழைய சிவன் கோயிலின் கல் தளம் கிடக்கிறது, கூரையும் இல்லை, சாமியும் இல்லை, நம் ஊர்ப்பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்தவர்கள் கட்டியது என்பார். "வந்தவன் எல்லாம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்ட வந்தவன் இல்ல குட்டி, கோயில் கட்ட வந்தவனும் இருந்திருக்கான்" என்று என்னிடம் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. அக்கா அசைய மாட்டாள். "கிழங்கு ஆறுது, கோயில அப்புறம் கட்டலாம்" என்பாள்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அக்காதான் எல்லாம். ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவளுக்குக் கல்யாணமானது. நானும் சீர்ப்பாத்திரங்களோடு சேர்ந்து அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு நாளும் அவர் என்னைச் சுமை என்று நினைத்ததில்லை. மலாக்கா ரயிலடியில் தண்டவாளம் மாற்றிவிடுவது அவர் வேலை. உடம்பு முழுக்க எண்ணெய் வாடையோடு வந்து கிணற்றடியில் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பார். சுருதி சேராது. எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா, தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழும் செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சாமியெல்லாம் நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். அந்த அம்மாளே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு அது ஒரு பாட்டு.

ஜப்பான்காரன் வந்த அடுத்த ஆண்டு அந்தப் பாட்டு நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு தோட்டங்களிலிருந்து நகரத்துக்கும் வந்துவிட்டது. மலாக்காவிலிருந்து தம்பின் போகும் தண்டவாளத்தையே பெயர்த்துச் சயாமுக்கு ஏற்றப்போகிறார்கள் என்றும், தண்டவாளம் போனால் அதைப் பார்த்துக்கொண்டவர்களும் கூடவே போக வேண்டியதுதான் என்றும் ரயிலடியில் பேசிக்கொண்டார்கள். வேலைக்கு ஒரு நாள் வராதவன் பெயர்தான் சயாம் பட்டியலில் முதலில் எழுதப்படும் என்று புதிதாக வந்திருந்த ஜப்பானிய அதிகாரி சொல்லியிருந்தான். ஒழுங்காக வருகிறவர்களில் சிலரையாவது இங்கேயே வைத்துக்கொள்வார்கள் என்பது அத்தானின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் அக்காவும் அடுப்பு மூட்டினாள்.

இந்த நேரத்தில் மலைக்குப் போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். போனால் இப்போது போனால்தான் உண்டு என்றார் அத்தான். பீடோங்கில் உறவுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மூன்று பேருக்கும் பாஸ் வாங்கிவிட்டார். சிப்பாய்கள் நடமாடும் ஊரில் வயசுப்பெண்ணைத் தனியே விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நானும் ஒட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் அவர் வேலைக்கு நிற்க வேண்டும். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "ஜாங்கான் லாமா" என்றார். நாளைக் கடத்தாமல் திரும்பிவிடுங்கள் என்று பொருள். அத்தான் அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ரயில் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஈப்போவில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். குனிந்து வணங்கியது போதவில்லை என்று ஒரு சிப்பாய் அத்தானின் கன்னத்தில் அறைந்தான். திரும்ப ஏறி உட்கார்ந்ததும் அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "மலைக்குப் போறவனுக்கு இங்கேயே பூசை ஆயிருச்சு" என்றார். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவர் கன்னத்தில் வைத்துக்கொண்டே வந்தாள்.

பீடோங்கில் அத்தானின் பழைய கூட்டாளி ஒருவர் வீட்டில் தங்கினோம். ஞாயிறு விடிந்ததும் ரப்பர் தோட்டங்களைத் தாண்டி நடந்தோம். காலையில் பெய்த மழையில் ஓடை பெருகியிருந்தது. அத்தான் முதலில் என்னைத் தூக்கிக் கடத்திவிட்டார். பிறகு அக்காவைத் தூக்கினார். நடு ஓடையில் கால் வழுக்கி இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கரையில் நின்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சண்டைக் காலம் முழுவதிலும் நான் அப்படிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

மேலே ஏறிப் பார்த்தால், நேராகச் சொல்கிறேன், எனக்குச் சப்பென்று இருந்தது. மரங்களுக்கு நடுவில் பாசி பிடித்த கருங்கல் வரிசைகள். தூண் நட்ட குழிகளில் மழைத்தண்ணீர். இதற்கா இவ்வளவு தூரம் என்று தோன்றியது. அத்தான் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு போனார். அக்கா தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள். காதில் ஏதோ சொன்னாள். அவள் உண்டாகியிருந்தாள். அதைச் சொல்வதற்கென்றே அந்த இடம் வரும்வரை அடக்கி வைத்திருந்திருக்கிறாள், கள்ளி. அத்தான் கீழே கிடந்த, உள்ளங்கையில் அடங்குகிற ஓர் உடைந்த கல்லை எடுத்து வேட்டியில் துடைத்து அவள் கையில் வைத்தார். "கல்யாணத்துல ஒனக்கு ஒன்னும் போடல. இத வச்சிக்க. புள்ளைக்குக் காட்டலாம்" என்றார். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று மாலை தெற்கே போகும் ரயிலுக்காகப் பீடோங் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். அதை விட்டால் மறுநாள் மாலைதான் அடுத்த ரயில். அவித்த கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு தோட்டத்து அம்மாளிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள். சந்தோஷம் தாங்காமல் வயிற்றுப்பிள்ளையைப் பற்றிச் சொல்லி, முந்தானையை அவிழ்த்து மலைக்கோயிலில் எடுத்த கல்லையும் காட்டினாள். அந்த அம்மாள் கூடையோடு பின்னால் நகர்ந்துவிட்டாள். "என்னா தாயி இப்படிச் செஞ்சிட்ட. சிவன் கோயில்ல ஒட்டுன தூசியக்கூடத் தட்டிட்டுத்தான் எந்திரிக்கணும். சிவன் சொத்து குல நாசம்னு ஒனக்கு யாரும் சொல்லலியா? அதுவும் வயித்துப்புள்ளக்காரி."

நமக்கெல்லாம் தெரிந்த பழமொழிதான். கோயிலை விட்டுக் கிளம்புமுன் சற்று உட்கார்ந்து, எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. கூரையில்லாத, விளக்கில்லாத அந்த இடத்தைக் கோயில் என்று அக்காவின் மனம் எடுத்துக்கொள்ளவே இல்லை. இப்போது எடுத்துக்கொண்டது. ரயில் ஜன்னலிலிருந்து எறிந்துவிடலாம் என்றார் அத்தான். கூட்டாளியிடம் கொடுத்து வைக்கச் சொல்லலாம் என்றார். அவள் கேட்கவில்லை. "எடுத்த கையாலதான் வைக்கணும். என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நான் என்னா செய்வேன்" என்று அழுதாள். அத்தான் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கல்லை வாங்கிக்கொண்டார். கூட்டாளியின் சைக்கிளில் மிதித்துப்போனால் ரயில் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். முடியாது என்பது ரயில்காரருக்குத் தெரியாதா என்ன?

ரயில் வந்தது, நின்றது, போனது. இருட்டிய பிறகுதான் அவர் வந்தார். முழங்காலில் சிராய்ப்பு, சட்டை முழுக்கச் சேறு. "வச்சிட்டேன். போதுமா?" என்று கேட்டு அக்காவின் தலையில் கை வைத்தார். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து அவர் முகமும் தெளிந்தது. ஒரு நாள் தவறியதற்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றார். மறுநாள் ரயிலில் அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். தோள் மரத்துப்போயும் அவர் அசையவில்லை.

மலாக்கா ரயிலடியில் இறங்கிய இடத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க விடவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். இரண்டு நாள் கழித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாக அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் ஒருவர், அத்தானைக் காய்ச்சல் கொட்டகையில் பார்த்தேன் என்றார். இன்னொருவர், இல்லை, ஆற்றைக் கடந்து வேறு முகாமுக்குப் போய்விட்டார் என்றார். அவ்வளவுதான் செய்தி. வீட்டுக்காரம்மா ஆண்டுதோறும் தம் முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும்போது, அத்தானுக்கும் ஓர் இலை போடட்டுமா என்று தயங்கிக் கேட்பார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டுவாள். பொட்டையும் அவள் அழிக்கவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். குலம் நாசமாகவில்லை. கல்லைத் திருப்பி வைத்ததால்தான் பிள்ளை தங்கியது என்று அக்கா சில நாள் சொல்வாள். பிள்ளைக்குப் பதிலாக அவரைக் கொடுத்துவிட்டேனே என்று வேறு சில நாள் அழுவாள். எனக்கோ சாமி மேலும் கோபம், அந்தக் கிழங்குக்காரி மேலும் கோபம். பிடித்துக்கொண்டு போனவன் ஜப்பான்காரன்தான் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். புத்திக்கு ஏறும், மனசுக்கு ஏறாது.

அக்காவுக்கு எழுபது தாண்டிய பிறகு அவள் மகள் எங்கள் இருவரையும் காரில் வைத்து அங்கே கூட்டிப்போனாள். இப்போது மலையடிவரை தார்ச்சாலை. கற்களையெல்லாம் வரிசையாக அடுக்கித் தளத்தைச் சீர்செய்து, புல் வெட்டி, பக்கத்தில் அருங்காட்சியகமும் கட்டியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு தளத்தைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்தாள். என்னம்மா தேடுறீங்க என்று மகள் கேட்டாள். "ஒங்கப்பா எந்த இடத்துல வச்சாருன்னு நான் கேக்கவே இல்ல. ரெண்டு நாளு கூடவே இருந்தாரு. கேக்கத் தோணல" என்றாள் அக்கா.

மூவரும் சற்று உட்கார்ந்தோம். புறப்படும்போது மகள் பழக்கத்தில் எழுந்து தன் பின்புறத்தைத் தட்டிக்கொண்டாள். பிறகு அம்மாவின் புடவையைத் தட்டிவிடக் குனிந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாத. அவரு கடைசியா எனக்காக நடந்த மண்ணு. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

நானும் தட்டவில்லை. அப்படியே காரில் ஏறினோம்.