ஒழுகாத இடம்

கினிகத்தேனை டவுனில் ஒரு கடை வாசலில் நனைந்த சாக்கு வாசம் அடித்ததும், இப்போது இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் கண் முன்னால் வந்து நின்றது: ஒரே மண்டபம், நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் பிரிக்க ஒரு சாக்குத் திரை, கண்ட இடத்தில் ஒழுகும் தகரக் கூரை. காலையில் சொட்டு விழாத இடமாகப் பார்த்து பெஞ்சு போடும் உத்தியோகத்தை, படிப்பு ஏறாத என் மண்டையை நம்பாமல் என் தோளை நம்பி, டீச்சர் எனக்குக் கொடுத்திருந்தார். நானும் பெரிய துரை மாதிரி காய்ந்த இடத்தை எனக்கு வைத்துக்கொண்டு, என்னைவிட நன்றாக வாசிக்கும் செல்வியின் பெஞ்சைச் சொட்டுக்கு நேர்கீழே போட்டேன்.

“டேய், கொப்பி நனையுதுடா, கொஞ்சம் நகத்திப் போடு!” என்றாள்.

“ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, மழைய நிக்கச் சொல்லு பாப்போம்!”

மண்டபமே சிரித்தது. எழுத்தெல்லாம் கரைந்துபோன கொப்பியை அவள் அடுப்பு மேல் காயவைத்தபோது, “இத வச்சு என்னத்தப் படிக்கப் போற, தம்பியப் பாத்துக்கிட்டு இரு” என்றாளாம் அவள் அம்மா. செல்வி பள்ளிக்கூடத்தை விட்டு, லயத்து வீட்டோடு நின்றுவிட்டாள்.

நான் இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறேன், அது என் மண்டையின் லட்சணம். அவள் பெஞ்சை ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கலாம்.