மீனுக்கு அம்மாள் வந்தபோது

கப்பலுக்குத் திரும்பிப் போகிற அன்று அண்ணை ஐந்து மீன்களை என் பொறுப்பில் விட்டுப் போனார். எழுபதுகளின் தொடக்கம் அது. லீவில் வந்து நின்ற ஆறு கிழமைக்குள் பின்விறாந்தையில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, ஒரு பக்கத்துக்குக் கண்ணாடி வைத்து, அடியில் கடற்கரை மணல் பரப்பி, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கடலிலிருந்தே வாளி வாளியாக அள்ளி நிரப்பியிருந்தார். எங்கோ ஒரு துறைமுகத்தில் அப்படியொன்றைக் கண்டாராம். மீன்களையும் அவரே பவளப்பாறையான முருகைக்கல் பாரில் சுழியோடிப் பிடித்து வந்தார். உள்ளங்கை அளவு. மஞ்சள் உடம்பு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. வலையில் வந்தால் எங்கள் ஊரவர்கள் உதறி எறிந்துவிடும் மீன்.

"உனக்குத்தான் கதையாமல் ஒரு இடத்திலை இருக்க ஏலும். பாத்துக்கொள்," என்றார்.

அது உண்மைதான். வாசல் படலையில் ஆள் நின்றால் அடுப்படிக்குள் போய்விடுகிறவள் நான். மீன்களுக்கு முன்னால் எவ்வளவு நேரமும் இருப்பேன். சின்ன வயதிலிருந்து மீனைச் சட்டியிலும் சுளகிலும்தான் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு நின்று, செட்டையை ஆட்டி, கண்ணை உருட்டி என்னைப் பார்க்கும் என்பது எனக்குப் புதிது. காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவேன். ஒரு பழைய லொறி ரியூப்பைச் சைக்கிள் பம்பினால் நிரப்பிவிட்டால், அதிலிருந்து வரும் மெல்லிய குழாய் வழியாக நாள் முழுக்கக் குமிழி வந்துகொண்டிருக்கும். கப்பலில் வரைபடம் பார்க்கிற பூதக்கண்ணாடி ஒன்றையும் அண்ணை விட்டுப் போயிருந்தார்.

மூன்றாம் மாதம் ஒருநாள் காலை, ஒரு மீனின் செட்டையில் ரவை ஒட்டியதுபோல் ஏழெட்டு வெள்ளைப் பொட்டுகள். மறுநாள் ஐந்திலும் இருந்தன. மீன்கள் சாப்பாட்டை விட்டு, மணலில் உடம்பைத் தேய்த்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் வைத்து, கையைக் கூப்பினார்.

"எடி பிள்ளை, உது அம்மாள் வருத்தம்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தவை எல்லாம், அம்மை நோய் கண்ட வீட்டில்போல, அம்மாளுக்கு உரிய முறைப்படியே நடந்தன. தொட்டியின் இரண்டு பக்கமும் வேப்பிலை கட்டினார். தாளிதம் இல்லை, பொரியல் இல்லை. மருந்து மாயம் செய்யக்கூடாது. முக்கியமாக மீனோ இறைச்சியோ, மச்சம் என்று எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. நான் மீன்களுக்கு அரிந்து போடுகிற இறாலும் அதில் அடங்கும். அடுத்த வளவில் இருக்கும் என் தாய்மாமன் கடல் தொழிலுக்குப் போய் வந்து, வழக்கம்போல் ஒரு பிடி இறால் கொண்டு வந்தார். அம்மா படலையிலேயே மறித்தார்.

"தம்பி, வீட்டிலை அம்மாள் நிக்கிறா. மச்சம் கொண்டு வராதை."

"ஆருக்கு வருத்தம்?"

"மீனுக்கு."

மாமா கையில் இருந்த இறாலைப் பார்த்தார். "அப்ப, அக்கா, தொட்டிக்குள்ளை நிக்கிறது மரக்கறியோ?"

"பகிடி விடாதை. அவன் நடுக்கடலிலை நிக்கிறான். ரண்டு மாசமாக் கடிதமும் இல்லை. இந்த நேரம் பாத்துத் தாயைக் கோவிக்கப் பண்ணவோ?"

மாமா இறாலைத் திருப்பிக்கொண்டு போனார். அம்மாவின் பயம் எனக்கும் விளங்கியது. அம்மாவுக்கு அந்த மீன்களும் அண்ணையும் ஒன்றாகவே இருந்தன. மீன்களுக்கு ஏதும் ஆனால் அது வேறெங்கோ போய் முடியும் என்று அவர் நினைத்தார்.

ஐந்தாம் நாள் காலை பார்த்தால் ஒரு மீனிலும் ஒரு பொட்டும் இல்லை. உடம்பு பளிச்சென்று இருந்தது. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்ட ஒரு வாளி கடல்தண்ணீரைத் தொட்டியில் மெதுவாக ஊற்றினார். "தண்ணி வாத்தாச்சு. தாய் குளிர்ந்து போட்டா," என்றார். எனக்கும் கண் கலங்கியது.

ஆனால் அன்று கண்ணாடியைத் துடைக்கும்போது அடிப்பக்கத்தில் மிகச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்ததைக் கண்டேன். முன்பு இருந்தவை அல்ல. நகத்தால் சுரண்டி, கடல்தண்ணீர் உள்ள ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டு, யன்னல் விளிம்பில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான். நாளுக்கொரு தரம் பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். அவை கல்லுப்போலக் கிடந்தன.

தம்ளரில் வைத்த ஆறாம் நாள் காலை வெயில் தம்ளருக்குள் நேரே விழுந்தது. பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். தண்ணீருக்குள் தூசி மிதந்தது. பிறகு அது தூசி இல்லை என்று தெரிந்தது. தூசி கீழே இறங்கும். இவை மேலேயும் போயின, திரும்பின, சுழன்றன. ஒவ்வொன்றும் தனக்கு ஒரு அலுவல் இருப்பதுபோல் ஓடியது. எண்ண முடியவில்லை. புள்ளிகளில் சில வெறும் கோதாகக் கிடந்தன. அத்தனையும் அவற்றுக்குள் இருந்துதான் வந்திருக்க வேண்டும். நான் தம்ளரைத் தொடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும்போலவும் இருந்தது. கண்ணோ வாயோ தெரியாத அந்தத் துகளுக்கு, இவ்வளவு பெரிய கடலில் ஒரு மீன் எங்கே நிற்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

மாலைக்குள் அவற்றின் ஓட்டம் குறைந்தது. மறுநாள் ஒன்றும் அசையவில்லை. தம்ளரில் அவற்றுக்கு மீன் இல்லை.

தொட்டியில் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஐந்து மீன்களும் மாவில் புரட்டியதுபோல் வெள்ளையாகிவிட்டன. செவுளை அகலத் திறந்து மூச்சு வாங்கின. அன்றே இரண்டு செத்தன, அடுத்த நாள் இன்னும் இரண்டு. மிஞ்சிய ஒன்று குமிழி வரும் மூலையில் சரிந்து நின்றது.

அம்மா தொட்டியடியில் நிலத்தில் இருந்துவிட்டார். "ஒருக்கா வந்த உடம்புக்குத் திரும்ப வராதே," என்றார். "என்ன குறை விட்டனாங்கள்? வேப்பிலை கட்டினம், தண்ணி வாத்தம்..." பிறகு தனக்குள் சொன்னதுபோல் சொன்னார்: "பாய். ஆள் படுத்த பாயைக் கழுவி வெயிலிலை போடுறது. அதை மட்டும் செய்யேல்லை."

மீன் படுத்த பாய் எது? அந்த மணலும் கண்ணாடியும்தான். உடம்பை விட்டு இறங்கின பொட்டுகள் போய்க் கிடந்தது அங்கேதான்.

அம்மாவுக்கு முன்னால்கூட நான் நீளமாகக் கதைத்ததில்லை. அன்று கதைத்தேன். தம்ளரில் கண்டதைச் சொன்னேன். மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும், தொட்டியைக் காயப் போட வேண்டும், மீனை விட்டு இறங்குகிறவை குஞ்சு விட முன்னம் திரும்பவும் மாற்ற வேண்டும் என்றேன்.

"அம்மாள் நிக்கிற ஆளை வீடு தாண்ட விடப்படாது."

"தாண்டேல்லை அம்மா. இதே விறாந்தையிலைதான். ஒவ்வொருக்காலும் தண்ணி வார்க்கிற மாதிரி நினையுங்கோவன்."

"அவனுக்கு ஏதும் வந்திட்டுது எண்டால்?"

அம்மா எழுந்து கோயில் பக்கம் பார்த்து நின்றார். பிறகு சாமி அறைக்குள் போய் ஒரு சில்லறைக் காசை நேர்த்திக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு வந்து, "மாத்து," என்றார்.

பிள்ளை குளிக்க வார்க்கிற பிளாஸ்ரிக் பேசின் இரண்டு மாமா வீட்டிலிருந்து வந்தன. கடல்தண்ணீரும் மாமாதான் சுமந்தார். "இந்த ஒரு மீனுக்கு நான் சுமந்த தண்ணியிலை ஒரு வள்ளமே மிதக்கும்," என்று புறுபுறுத்துக்கொண்டே ஒருநாளும் தவறாமல் கொண்டு வந்தார். முதல் பேசினில் மூன்று நாள். பிறகு மீனை மட்டும் ஏந்தி இரண்டாவதற்கு மாற்றி, முதலாவதைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். இன்னும் மூன்று நாள், திரும்பவும் மாற்றம். தொட்டி மணலை முற்றத்தில் சாக்கில் பரப்பினோம். முதல் பேசினின் அடியில் அதே வெள்ளைப் புள்ளிகள் கிடந்தன. இரண்டாவதில் நாலைந்து. மூன்றாம் முறை பூதக்கண்ணாடியோடு அங்குலம் அங்குலமாகத் தேடியும் ஒன்றும் இல்லை. அதற்குள் மீன் இறாலைப் பறித்துத் தின்னத் தொடங்கிவிட்டது. மச்சத்தைப் படலைக்குள் விட்டது எப்போது என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மீனைத் தொட்டிக்குத் திருப்பி விட்டோம். அந்தக் கிழமையே அண்ணையின் கடிதமும் வந்தது. சுகம் என்று எழுதி, எல்லாரையும் கேட்டிருந்தார். மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த லீவில் வந்தபோது ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் அந்த உயிரின் பெயரைக் காட்டினார். எனக்கு அது வாயில் நுழையவில்லை.

வருத்தம் திரும்ப வருமோ என்று நானும் அம்மாவும் ஒரு மாதம் நாள் எண்ணினோம். கடைசி நாள் விடிய, அம்மா எனக்கு முன்னமே எழுந்து தொட்டிக்கு முன்னால் இருந்தார். மீன் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நின்றது. "கொண்டா பாப்பம்," என்று பூதக்கண்ணாடியை முதல்முறையாக வாங்கினார். பொட்டு ஒன்றும் இல்லை என்று பார்த்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருந்த மஞ்சள் செதில்களில் காலை வெளிச்சம் பட்டு, மீன் அசையும்போதெல்லாம் வரிவரியாக ஓடியது.

"அம்பது வருசமா மீன் வெட்டுறன், பிள்ளை," என்றார். "ஒரு செதிலையும் பாக்கேல்லை."