யோங்மிக்கு ஒரு ஓட்டு

சோங்னே சந்தையில் பெண்களுக்குப் பெயர் கிடையாது. கருவாட்டுக் கடை அக்கா போஹாங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் போஹாங்காரி. கறிக்கடை பியோவின் மனைவி எங்களுக்குக் கறிக்கடை அம்மா, பியோவுக்கு ‘ஏய்.’ யாரும் இதைக் குறையாக நினைத்ததில்லை. வயதில் மூத்த பெண்ணை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அவள் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைவது மாதிரி.

நூடுல்ஸ் கடைக்காரி, கியூதே அம்மா. மகன் கியூதே டேகூ நகரத்துக்கு வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சந்தையில் பாதிப்பேர் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் கடையில் நெத்திலிச் சாற்றின் ஆவியோடு சேர்ந்து அவன் பெயர்தான் எழும்பிக்கொண்டிருக்கும். “கியூதே அம்மா, இங்க ரெண்டு!” “கியூதே அம்மா, கிம்ச்சி தீந்துபோச்சு!” அவள் பருத்த உடம்புக்காரி. ஆனால் மாவை மடித்து நறுக்கும்போது கத்தி கண்ணுக்குத் தெரியாது. ஒரு வேடிக்கையைச் சொல்லப் போகிறாள் என்றால் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுவாள், பாதி நேரம் வேடிக்கை என்னவென்று நமக்குத் தெரியாமலே போய்விடும். என்னுடைய கைப்பேசி பழுதுபார்க்கும் கடை அவளுக்கு நேர் எதிரே இருப்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சந்தைக்குள் பெண்களுக்கு ஒரு கழிப்பறை.

சந்தையின் பின்பக்கம் ஒன்று இருந்தது. ஆண்கள் போவது. குளிர்காலத்தில் அதன் குழாயும் உறைந்துவிடும். பெண்கள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பேருந்து நிலையம்வரை நடக்க வேண்டும். அந்த டிசம்பரில் பாலத்துப் பனியில் போஹாங்காரி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு நூடுல்ஸ் கடைக்கு வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து கியூதே அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அழாதக்கா. இந்தத் தடவ நான் சங்கத் தேர்தல்ல திரும்பவும் நிக்குறேன்.”

“நின்னு? போன தடவ நின்னதே போதாதா? ஜெயிச்சும் தோத்தவ இந்த மாகாணத்துலயே நீ ஒருத்திதான்.”

போஹாங்காரி சொன்னது நிஜம். எங்கள் வியாபாரிகள் சங்கத் தேர்தலில் சீட்டில் வேட்பாளர் பெயரை நாமே எழுத வேண்டும். போன முறை கறிக்கடை பியோவை எதிர்த்து கியூதே அம்மா நின்றபோது, பெரும்பாலான சீட்டுகளில் ‘கியூதே அம்மா’ என்றே எழுதியிருந்தது. பியோ பல வருடங்களாகத் தலைவர். அவர் உறுப்பினர் பட்டியலைத் தூக்கிக் காட்டி, “இதுல கியூதே அம்மான்னு ஒரு ஆளே கிடையாது. எல்லாம் செல்லாது” என்று சொல்லிவிட்டார். விதிப்படி அவர் சொன்னது சரி. அவளுடைய உண்மையான பெயர் என்னவென்று அன்று கூடத்தில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் வெட்கக்கேடு.

இந்த முறை அரசாங்கத்திலிருந்து சந்தைக்கு ஒரு மானியம் வருவதாக இருந்தது. எங்கள் ஊர் ஆப்பிளுக்குப் பெயர்போனது, அதனால் அதை வைத்து வாசலில் ஆப்பிள் வடிவத்தில் ஒரு விளக்கு வளைவு கட்ட வேண்டும் என்பது பியோவின் திட்டம். “ராத்திரி நெடுஞ்சாலைலேருந்தே தெரியும்” என்று வரைபடத்தைக் கறி நறுக்கும் பலகைமேல் விரித்துக் காட்டுவார்.

“ஆப்பிளுக்குள்ள போயி ஒக்காந்துக்க முடியுமான்னு கேளு” என்றாள் கியூதே அம்மா.

ஜனவரியில் அவள் கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது: ‘என் பெயர் சொ யோங்மி. பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு கொழுக்கட்டை கூடுதல்.’

கொழுக்கட்டைக்கு ஆசைப்படாதவர் எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் யாருக்கும் வாய் வரவில்லை. காய்கறி லாரிக்காரர் எச்சிலை விழுங்கி, “யோங்...” என்று ஆரம்பித்து, காது சிவந்து, “...கியூதே அம்மா, சும்மா ஒரு கிண்ணம் போதும்” என்றார். முட்டைக்காரி, “யோங்மி அக்காங்கலாமா? இல்ல, யோங்மி அம்மாவா? ஐயோ, அது வேற யாரோ மாதிரி இருக்கே” என்று தலையைச் சொறிந்தாள். பேருந்து ஓட்டும் தன் புருஷனையே ஒருநாள் கியூதே அம்மா எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துச் சொல்லச் சொன்னாள்.

“என்னத்துக்கு இப்ப?”

“சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னீங்கல்ல?”

“அப்ப வயசு வேற.” அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். “வண்டிக்கு நேரமாச்சு” என்று கிளம்பிவிட்டார். அவருக்குக் கொழுக்கட்டை கிடைக்கவில்லை. இரவுச் சாப்பாடும் சந்தேகம்தான் என்று போஹாங்காரி சொன்னாள்.

அந்த அட்டையில் ஆவி படிந்து எழுத்துகள் மெல்ல ஊறிக்கொண்டிருந்தன. இந்தப் பெயரில் ஒரு கவிஞர் இருக்கிறார், ஓபரா பாடகி ஒருவர் இருக்கிறார். அவர்கள் பெயரைச் சொல்ல யாருக்கும் காது சிவப்பதில்லை. தூரத்திலிருந்தால் ஒரு பெயர் எளிதாக வாயில் வந்துவிடுகிறது. சாறு ஊற்றும் தூரத்தில் அது வருவதில்லை.

பிப்ரவரியில் நம் நாட்டிலேயே குளிர்கால ஒலிம்பிக் வந்தது. பனித்தரையில் ஒரு கல்லை வழுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடும் அந்த விளையாட்டை அதற்கு முன்பு எங்கள் சந்தையில் யாரும் பார்த்ததில்லை. முதல்நாள், “தரையத் தொடைக்கறதுக்குப் பதக்கம் குடுக்கறாங்களா? எனக்கு எத்தனை குடுக்கணும்!” என்றாள் போஹாங்காரி. அணியில் இருந்தவர்கள் எங்கள் மாகாணத்துப் பெண்கள், பூண்டு விளையும் வட்டாரத்துக்காரிகள். அதனால் நூடுல்ஸ் கடைத் தொலைக்காட்சி முன்னால் கூட்டம் கூடியது. கண்ணாடி போட்ட தலைவி கல்லை விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள்:

“யோங்மி! யோங்மீ!”

துடைப்பத்தோடு ஓடும் தோழியின் பெயர் அது. வெட்டிக் கூப்பிட்டால் வேகமாகத் தேய், இழுத்துக் கூப்பிட்டால் நிதானம். கியூதே அம்மாவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

ஒரு வாரத்தில் நாடே அந்தப் பெயரைக் கத்தியது. எங்கள் சந்தையும் கத்தியது. கிம்ச்சிப் பானையைத் தரையில் தள்ளிவிட்டு, முன்னால் இரண்டு பேர் விளக்குமாறோடு ஓடி, “யோங்மீ!” என்று ஊளையிட்டார்கள். விளையாட்டாகக் கத்தியதில் கூச்சம் எங்கேயோ விழுந்துவிட்டது. காய்கறி லாரிக்காரர் கடைக்குள் நுழையும்போதே, “யோங்மி! ஒரு கிண்ணம், வேகமா!” என்றார்.

“வேகமாவா, நிதானமாவா? சரியாக் கூப்பிடுங்க” என்றாள் அவள், கொழுக்கட்டையை வைத்துக்கொண்டே.

ஜப்பானை ஜெயித்த அன்று பியோவே மேசைமேல் ஏறி நின்று “யோங்மி! யோங்மி! யோங்மி!” என்று அலறினார். அவர் இறங்கியதும் கியூதே அம்மா இரண்டு கொழுக்கட்டையை நீட்டினாள்.

“எதுக்கும்மா இது?”

“எனக்குப் பிரசாரம் பண்ணினீங்கல்ல அண்ணே, கூலி.”

பியோவின் முகம் மாறியதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். கொழுக்கட்டையை மட்டும் விடவில்லை.

தேர்தல், ஒலிம்பிக் முடிந்த மறுவாரம், சந்தை இல்லாத ஒரு மத்தியானம், சங்கக் கூடத்தில் நடந்தது. சீட்டைப் பிரித்துப் படிக்க, அதிகம் வாய் பேசாத ஆள் வேண்டும் என்று என்னை உட்காரவைத்தார்கள். பிரித்தேன். ‘பியோ ஜோங்சு.’ ‘பியோ ஜோங்சு.’ ‘யோங்மி.’ ‘யோங்மி.’ ‘யோங்மி!!’ என்று ஆச்சரியக்குறியோடு ஒன்று. ‘யோங்மீ’ என்று இழுத்து ஒன்று. ஓரிருவர் பரவசத்தில் அந்தத் துடைப்ப வீராங்கனையின் குடும்பப் பெயரையும் சேர்த்தே எழுதிவிட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது கூடம் குலுங்கியது. அவை செல்லாது என்று கியூதே அம்மாவே ஒப்புக்கொண்டாள். அவற்றைத் தள்ளிவிட்டாலும் யோங்மியின் குவியல்தான் உயரமாக இருந்தது. போஹாங்காரி கட்டுப் போட்ட கையால் மேசையைத் தட்டி, வலி தாங்காமல் முனகி, மறுபடியும் தட்டினாள்.

பியோ எழுந்தார்.

“ஒரு நிமிஷம். இந்தச் சீட்டுல எத்தனைல ‘சொ யோங்மி’ன்னு முழுசா எழுதியிருக்கு?”

நான் பார்த்தேன். ஏறக்குறைய எதிலும் இல்லை. தொலைக்காட்சியில் வெறும் யோங்மி என்றுதானே கத்தினார்கள்? அதையே எழுதிவிட்டார்கள்.

“அதான். வெறும் யோங்மின்னா எந்த யோங்மி? நம்ம சங்கத்துல இன்னொரு யோங்மி இருக்காளே.”

“யாரு?” என்று நாலா பக்கமும் கேட்டார்கள்.

“என் பொண்டாட்டி” என்றார் பியோ. “குடும்பப் பேரு ‘நாம்’, பேரு யோங்மி. கறிக்கடை அவ பேருலதான் இருக்கு, அவளும் உறுப்பினர். குடும்பப் பேரு இல்லாத ஓட்டெல்லாம் யாருக்குன்னு தெரியாதுங்கறதால செல்லாது.”

கியூதே அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்த நிமிடங்கள் மிகக் குறைவு, அதில் ஒன்று அது. சுவரில் பட்டியல் தொங்கியது. பியோ சொன்னது உண்மைதான். பக்கத்துப் பக்கத்துக் கடை, பாதி வாழ்நாள், இரண்டு பேரும் யோங்மி. கியூதே அம்மாவுக்கு அது அன்றுவரை தெரியாது.

கடைசி வரிசையில் கறிக்கடை அம்மா எழுந்தாள். சங்கத்தில் அவள் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. மெலிந்த குரல், ஆனால் அவசரமே இல்லாத குரல்.

“ஏங்க, என் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இத்தன வருஷமா எனக்கே தெரியாமப் போச்சே!”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பியோ, “ஏய், நீ சும்மா இரு, இது சங்க விஷயம்” என்றார்.

“சங்க விஷயந்தாங்க பேசறேன். அந்த ஓட்டெல்லாம் எனக்கா இருக்கலாம்னு சொல்றீங்க. சரி, எனக்கேன்னு வச்சுக்கலாம். அப்ப நான் உங்கள ஜெயிச்சுட்டேன். நான் தலைவி. ஆப்பிள் வளைவு வேணாம், கழிப்பறையக் கட்டுங்க.”

“நீ எப்படி ஜெயிப்ப? நீ தேர்தல்ல நிக்கவே இல்லியே!”

“நிக்கலியா?”

“நிக்கல! நிக்காதவளுக்கு எவனாவது ஓட்டுப் போடுவானா?”

“மாட்டாங்கல்ல?” என்றாள் அவள். “அப்ப எல்லாம் நின்னவளுக்குத்தான் போட்டிருக்காங்க. படிங்க தம்பி.”

பியோ மனைவி இருந்த வரிசைப் பக்கம் இரண்டு அடி நடந்தார்.

“நீ யாருக்குப் போட்ட?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ரகசிய ஓட்டுங்க அது” என்றாள் அவள். பிறகு உட்கார்ந்தபடியே, “பாலத்துல நடந்தா எனக்கும்தான் கால் வழுக்குது” என்றாள்.

நான் முடிவைப் படித்தேன். கியூதே அம்மா ஜெயித்தாள். நேரே கடைசி வரிசைக்குப் போய்க் கறிக்கடை அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் எந்த வருடம் பிறந்தவர்கள், யார் மூத்தவள் என்று கேட்டுக்கொண்டார்கள். கறிக்கடை அம்மா சில மாதங்கள் மூத்தவள். “அப்ப அக்கா” என்றாள் கியூதே அம்மா. பியோ கூடத்தை விட்டுத் தனியாகக் கிளம்பியபோது, போஹாங்காரி அவரைக் கூப்பிட்டு, “அண்ணே, வருத்தப்படாதீங்க, கழிப்பறைக் கதவுல ஒரு ஆப்பிள் வரஞ்சிடலாம்” என்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் குலுங்கியதை வைத்துச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே யோங்மி என்ற பெயர் போய்விட்டது.

“தலைவரே, ஒரு கிண்ணம்!” “தலைவரே, கிம்ச்சி!” காய்கறி லாரிக்காரர் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு உட்கார்ந்தார். சங்கத் தலைவரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா? முட்டைக்காரி எழுந்து நின்று பேசினாள். “நான் யோங்மிதான், உக்காருடி” என்று அவள் எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை. கொழுக்கட்டை கொடுத்துப் பார்த்தாள். “தலைவர் குடுத்தது” என்று மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆப்பிள் பூக்கும் சமயத்தில் கழிப்பறை கட்டி முடிந்தது. வெள்ளை ஓடு, வெந்நீர்க் குழாய், உட்கார்ந்தால் சூடாக இருக்கும் இருக்கை. திறந்த அன்று பெண்கள் வரிசை என் கடை வாசல்வரை வந்தது. அதில் முக்கால்வாசிப் பேருக்கு அவசரமே இல்லை, இருக்கையின் சூட்டைப் பார்க்க வந்தவர்கள். முதலில் உள்ளே போனது தலைவர். வெகுநேரம் வெளியே வரவில்லை.

போஹாங்காரி, குணமான கையால் கதவைத் தட்டினாள்.

“தலைவரே! உள்ளயே குடியிருக்கப் போறீங்களா?”

“அக்கா, இங்க பேப்பர் வைக்க மறந்துட்டாங்க. ஒரு சுருள் கொண்டாங்களேன்.”

“தலைவருக்கு எடுத்துக் குடுக்க நான் என்ன சங்கத்து வேலைக்காரியா? செயலாளர்கிட்ட மனு குடுங்க!”

வரிசை முழுக்கச் சிரித்தது. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தலைவரு கேக்கலக்கா. யோங்மி கேக்குறேன்.”

“அப்படிச் சொல்லு” என்ற போஹாங்காரி, சுருள் எடுத்துவரக் கருவாட்டுக் கடைக்கு ஓடினாள்.