மாப்பிள்ளை மடியில் இருந்த கடிகாரம்

என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை பேசியது மூன்றே வார்த்தை. "நல்ல கடிகாரமுங்க மாமா" என்றார். அப்பா உடனே சட்டைப்பையிலிருந்து சங்கிலியோடு அதை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார். மாப்பிள்ளை ஒரு பொருளை வாய்விட்டுப் புகழ்ந்தால் அதைக் கொடுத்துவிடுவது ராசிபுரத்துப் பக்கம் எங்கள் சனத்தில் மரியாதை. விவரமானவர்கள் கறவை மாட்டைப் பார்த்துப் புகழ்வார்கள். இவருக்கு எங்கள் கடிகாரம்தான் கண்ணில் பட்டது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது என் தாத்தா அவரிடம் வாங்கியது அது. இரண்டு பக்கமும் மூடி போட்ட வெள்ளிக் கடிகாரம். தாத்தாவுக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு நான் என்று யாரும் சொன்னதில்லை. அதையெல்லாம் சொல்லவா வேண்டும்? பன்னிரண்டு வயதிலிருந்து தினம் காலையில் அதற்குச் சாவி கொடுத்தவன் நான். பந்தி முடிந்ததும் அப்பாவைத் தனியே பிடித்துக் கேட்டேன். "உனக்கென்னடா, இந்த ஊடே உன்னது" என்றார். வீட்டை யார் கேட்டார்கள்?

மாப்பிள்ளை திருச்செங்கோட்டில் விவசாயம் பார்ப்பவர், யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். அதனால் அவரை வெளிப்படையாகத் திட்டவும் வழியில்லை. மனதுக்குள் நிறையத் திட்டினேன்.

சேலத்தில் எனக்கு நூல் வியாபாரம். இளம்பிள்ளைத் தறிக்காரர்களுக்கு நூல் கொண்டுபோய்க் கொடுப்பேன். போகிற இடத்திலெல்லாம் பழைய கடிகாரம் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். பங்காளிகள் பிரித்துக்கொள்ள முடியாமல் பெட்டியடியில் போட்டுவைத்த கடிகாரங்கள் எத்தனையோ இருந்தன. ஓடாததை வாங்கி ஓடவைப்பேன், இரண்டைக் கொடுத்து உசத்தியாக ஒன்றை மாற்றுவேன். ஐந்தாறு வருஷத்தில் பத்தொன்பது சேர்ந்துவிட்டன. பத்தொன்பதும் யார் யாருடைய தாத்தாக்களுடையதோ. என் தாத்தாவுடையது மட்டும் இல்லை.

எனக்குக் கடிகாரம் பழுது பார்த்துத் தந்தவர் கடைவீதியில் இருந்த ஒரு பாய். யுத்தம் வந்து சீமைச் சரக்கு நின்றுபோன சமயம், ஒருநாள் அவர் மேசைமேல் அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்தேன். மூடியின் கீல் இடுக்கில் வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது.

"சுண்ணாம்புங்க," என்றார் பாய். "உங்க மாப்பிள்ளை வெத்தலையோட சேத்து மடியில வச்சிருக்காரு போல. மூணாந்தடவையா கொண்டாந்திருக்காரு."

கையில் எடுத்துப் பார்த்தேன். சங்கிலி போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதில் அரைஞாண் கயிறு மாதிரி ஒரு கறுப்புக் கயிறு. அப்படியே என் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

சீராகக் கொடுத்ததைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினால் பெண் கொடுத்த வீட்டுக்கே அவமானம். ஆனால் சீருக்கு எதிர்ச்சீர் உண்டு. தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான் தட்டு வைத்தால் அவர்களும் எனக்கு ஒரு தட்டு வைக்க வேண்டும். அந்தத் தட்டில் கடிகாரம் வரவேண்டும் என்று தங்கையைப் பார்த்துச் சொன்னேன்.

"அதுக்கென்னங்கண்ணா, கேட்டா குடுத்துருவாரு," என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

என் பத்தொன்பதில் மிக நல்லவை மூன்றைப் பொறுக்கினேன். ஒன்று தங்க முலாம் பூசியது, ஒன்று மணிக்கு மணி அடிப்பது, ஒன்றின் முகத்தில் நிலவு தேய்வதும் வளர்வதும் தெரியும். மூன்றையும் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு தட்டில் வைத்துச் சபை நடுவே கொண்டுபோனேன். மாப்பிள்ளை சிரித்த முகத்தோடு மடியை அவிழ்த்து அந்த ஒன்றை எடுத்து, மேல்துண்டில் துடைத்து, வேட்டி துண்டோடு என் தட்டில் வைத்தார்.

சனம் என்ன பேசியது தெரியுமா? "மாமனார் குடுத்ததையே மச்சானுக்கு வச்சுட்டாருங்க, என்ன மனசு பாருங்க" என்றார்கள். என் மூன்றைப் பற்றி ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. என் அத்தை ஒருத்தி மட்டும், அதில் ஒன்றைச் சுட்டி, கூடு பித்தளையா என்று கேட்டாள்.

போகட்டும், கடிகாரம் வந்துவிட்டது. பாயிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, புதுச் சங்கிலி போட்டேன். ஒரு நிமிஷம் முந்தாது, பிந்தாது. ரயிலடி மணியோடு ஒத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கு எல்லோரும் ராசிபுரத்தில் கூடினோம். அப்பாவுக்கு அதற்குள் கண் மங்கி, எதிரில் இருப்பது ஆள் என்பது மட்டுமே தெரியும். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தோம். அப்பா அந்தப் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைங்க, மணி என்ன இருக்குமுங்க?" என்றார்.

நான் அவர் காதருகே மூடியைத் திறந்தேன். அந்த ஓசை அவருக்குத் தெரியாததா? "பதனொண்ணே காலுங்கப்பா" என்றேன்.

அப்பா தலையைத் திருப்பவில்லை. மாப்பிள்ளை என்னைச் சங்கடமாகப் பார்த்தார். பதில் சொல்லாமல் இருக்கவும் முடியாமல், வாசலில் விழுந்த வெயிலை எட்டிப் பார்த்து, "பன்னண்டு இருக்குமுங்க மாமா" என்றார்.

"பன்னண்டு ஆச்சாமா, எலையப் போடுங்க," என்று அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பதினொன்றே காலுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம்.